மாரக்காள் கிணற்றுத் தண்ணீர்

நீச்சல் குளத்துச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து விட்டு, பைப்பையெல்லாம் அதற்குள் ஓடவிட்டு, மேலே கடப்பாக் கல்லைப் பரப்பி சிமெண்டு பூசி மூடிவிட்டுப் போன புண்ணியவான் எவனோ, அவன் மட்டும் அந்த ஆடி மாதத்தில் பயாஸ் கையில் சிக்கியிருந்தால் தொலைந்திருப்பான். பைப்பு என்றைக்காவது ஒழுகும், ஒழுகினால் ஒரு மனுசன் உள்ளே போகணுமே என்று ஒரு நிமிசம் யோசித்திருக்க மாட்டானா? எலிக்கு வழி விட்டிருந்தான், பயாஸுக்கு விடவில்லை.

பயாஸுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வயிறும் கொஞ்சம் தாண்டிவிட்டது. வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டையில். சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடம், ஓட்டல், பண்ணை வீடு என்று எங்கே நீச்சல் குளம் இருந்தாலும் மோட்டார் ஓடவில்லையா, தண்ணி பச்சை பிடித்துப் போச்சா, பைப்பு ஒழுகுதா, எல்லாவற்றுக்கும் 'பாயைக் கூப்பிடு' என்பார்கள். இந்தக் குளம் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டில் இருந்தது. சொந்தக்காரர் சரவணமுத்து சேலத்தில் லாரி வைத்திருப்பவர். சனி, ஞாயிறு குடும்பம் குடும்பமாக வருகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவார். குளத்தில் இரவு நிரப்பினால் விடிவதற்குள் ஒரு சாண் இறங்கிவிடுகிறது என்று ரொம்ப நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தார். போர் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிரப்பிப் பார்த்து, கடைசியில் அலுத்துப்போய் போன் செய்தார்.

"சனிக்கிழமை பார்ட்டி வருது பாய். குழந்தை குட்டியோட வர்றாங்க. குளத்துல தண்ணி நிக்கணும். எதை உடைப்பியோ, எதை ஒட்டுவியோ, எனக்குத் தெரியாது."

புதன்கிழமை போய், ஒவ்வொரு லைனாக அடைத்துப் பார்த்ததில், குளத்து அடியிலிருந்து மோட்டார் ரூமுக்குப் போகிற லைன்தான் திருடன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில்? சந்தின் வாயில் ஒரு கல்லைப் பெயர்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மண் காய்ந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் தண்ணீரில் சாயம் கலந்து விட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கென்று தனியாகச் சாயம் விற்கிறார்கள்தான். ஆனால் மளிகை மண்டிகளுக்கு நடுவிலே பிறந்து வளர்ந்தவன் அதையெல்லாம் தேடிப் போவானா? பயாஸுக்கு எப்போதும் கேசரிப் பவுடர்தான். லட்டுக்குப் போடுகிற மஞ்சள். விலை மலிவு, தண்ணிக்கும் கெடுதல் இல்லை.

ஒரு ஸ்பூன் கரைத்து மோட்டார் ரூம் பக்கமிருந்து லைனில் ஊற்றினான். சந்தின் வாயில் குந்தி உட்கார்ந்து பார்த்தான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் போன இடம் தெரியவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. காவல்காரர் வேலுமணி பரோட்டா வாங்கி வருகிறேன் என்று போனவர் போனவர்தான். பயாஸுக்குப் பொறுமை கெட்டுவிட்டது. 'போய்த் தொலை' என்று பாக்கெட்டோடு முழுசையும் பக்கெட்டில் கொட்டிக் கலக்கி ஊற்றி, லைனின் வாயை மூடிவிட்டு, நாளைக்குச் சாமானோடு வந்து உள்ளேயே இறங்கிப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டான். அவன் ஊற்றினதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் வேலுமணியும் அவனுமாகக் கடப்பாரை போட்டு இரண்டு கல்லைப் புரட்டினார்கள். பயாஸ் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்து, வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி உள்ளே நுழைந்தான். முன்னால் போன கையைத் திருப்பி முகத்தைச் சொறியக்கூட இடமில்லை. ஒரு பக்கம் குளத்துச் சுவர் முதுகை உரசியது. இன்னொரு பக்கம் கருங்கல் வயிற்றைக் கீறியது. போன ரம்ஜானுக்குச் சாப்பிட்ட பிரியாணியெல்லாம் நினைவுக்கு வந்தது. முழங்கையாலும் முட்டியாலும் நெட்டித் தள்ளிக்கொண்டு போனதில், முக்கால்வாசி தூரத்தில், லைன் வளைகிற இடத்தில் மஞ்சளாக ஒரு கோடு கண்ணில் பட்டது.

வளைவில் இருந்த எல்போ விரிசல் விட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி இல்லை, விரல் தண்டி வந்துகொண்டிருந்தது. ஆனால் சந்தில் தேங்கவே இல்லை. விழுந்த இடத்திலேயே, காம்பவுண்டுச் சுவருக்கு அடியிலிருந்த பாறை வெடிப்புக்குள் நேராக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் மேலே ஒரு சொட்டு ஈரம் தெரியவில்லை. "மாட்டுனியாடா மவனே" என்று பயாஸ் பைப்பைப் பார்த்துச் சிரித்தான். அந்தத் தண்ணீர் அதற்கு அப்பால் எங்கே போகிறது என்று அவன் யோசிக்கவில்லை. எதற்கு யோசிக்கப் போகிறான்? பைப்புக்காரனுக்குப் பைப்புதானே கணக்கு.

வெளியே வந்து, குளத்துக்குள் முங்கி அடிவாயை ரப்பர் போட்டு அடைத்துவிட்டு, மறுபடி உள்ளே போனான். பைப்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடைச் சட்டத்தோடு அங்கே ஆட்ட முடியாது. வெறும் பிளேடில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, விரலளவு முன்னும் விரலளவு பின்னுமாக அறுத்தான். அறுத்து முடித்து எல்போவைக் கையில் எடுத்தபோது உடம்பெல்லாம் தண்ணீர், வேர்வை எது குளத்துத் தண்ணி எது என்று தெரியவில்லை. புது எல்போவும் முனைகளை இணைக்கிற கப்ளரும் எடுத்துவரப் பின்னாலேயே ஊர்ந்து வெளியே வந்தான். அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்தில் மணிச்சத்தமும் பொம்பளைகள் சத்தமும் கேட்டது.

வேலுமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். "பாய், வாங்க வாங்க. அப்பறம் ஒட்டலாம் பைப்பை. மாரக்கா கெணத்துல அம்மன் மஞ்சத்தண்ணி காட்டியிருக்குதுங்க!"

பயாஸுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும், சேச்சே, இருக்காது என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலுமணி பின்னாலேயே போனான்.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம், சரிவில், பழைய திறந்த கிணறு. கரையில் வேப்பிலைத் தோரணம் கட்டியாகிவிட்டது. தேங்காய் உடைத்திருந்தார்கள், சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஊரில் பாதி அங்கேதான் நின்றது. பயாஸ் எட்டிப் பார்த்தான். ஓர் ஆள் உயரத் தண்ணீர் வெளிர் மஞ்சளாகக் கிடந்தது. பண்ணை வீட்டுப் பக்கத்துக் கல் இடுக்கிலிருந்து இன்னும் கெட்டியான மஞ்சள் கசிந்து சுவரில் கோடு போட்டிருந்தது. அந்த மஞ்சளை உலகத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார் இருக்கிறான்?

"வா சாமி, வா பாயி. நீதான் அந்தக் குளத்துல வேல செய்யறவனா?" என்று கேட்டுக்கொண்டே மாரக்காள் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, நெற்றி நிறைய, அம்மனுக்கு வைத்ததில் எடுத்துப் பூசின மஞ்சளும் குங்குமமும். புருசன் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகிவிட்டன. ஒரு ஏக்கர் நிலம், இந்தக் கிணறு, இரண்டு எருமை, அவ்வளவுதான் அவளுக்கு. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கூட்டத்திலே அத்தனை பேரையும் விட்டுவிட்டு, புதுசாக வந்தவன் என்று அவனுக்குத்தான் முதலில் டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"கேளு சாமி. இந்தக் கெணறு நெம்ப நாளா வறண்டு கெடந்துச்சு. ரெண்டு வருசமாத்தான் சித்திரையில கூட வத்தாம நிக்குது. அம்மன் குடுக்கறான்னு தெரியும். ஆனா பயம் உடலியே! மஞ்சப் பயிருன்னா பத்து மாசம் தண்ணி காட்டோணும். நடுவுல வத்திப் போச்சுன்னா என்ன பண்றது? எங்கண்ணன் குடுத்த வெத மஞ்சளக் குமிச்சு வெச்சுக்கிட்டு நடறதா விக்கறதான்னு ஒரே வெசனம். போதும்னு நேத்து விக்கறக்குப் பேசிப்போட்டேன். இன்னிக்குக் காலைல டெம்போ வந்து வாசல்ல நிக்குது. முகங்கழுவறக்குத் தண்ணி சேந்துனேன் பாரு, மஞ்சத்தண்ணி! 'மஞ்ச நடுடி'ன்னு அவ வாயால சொல்லாதது ஒண்ணுதான் பாக்கி."

"டெம்போ?" என்று கேட்டான் பயாஸ்.

"போடா சாமின்னு திருப்பி அனுப்பிப்போட்டேன். நாளைக்கு ஆடி வெள்ளி. நடவு. ஒரு குண்டு மஞ்சகூட மிச்சம் வெக்காம அத்தனையும் நடப்போறேன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. அம்மா, இது நான் ஊற்றின கேசரிப் பவுடர். இரண்டு வருசமாக வந்தது குளத்துத் தண்ணி. அந்தப் பைப்பை நான் அறுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒட்டிவிடுவேன், அப்புறம் ஒரு சொட்டு வராது. மூன்று வார்த்தையில் முடிகிற விசயம். ஆனால் சுற்றி எத்தனை முகம்! சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கிழவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிற தாய்மார்கள், போனில் படம் பிடிக்கிற இளவட்டங்கள். 'கெணத்துல பாய் சாயத்தக் கலந்துட்டான்.' யாராவது ஒருத்தன் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதற்கு எப்படி என்று எவன் கேட்பான்? பயாஸ் டீயைக் குடித்தான். நாக்கு சுட்டது கூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது மாரக்காள் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தாள். "ஊட்டுக்குக் கொண்டு போ. புள்ளைங்க தலைல தெளி. அம்மனுக்கு உங்கூட்டுப் புள்ள எங்கூட்டுப் புள்ளன்னு ஒண்ணும் கெடையாது."

வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

மறுபடி சந்துக்குள் ஊர்ந்து போனபோது முன்பு பட்ட கீறலெல்லாம் எரிந்தது. அறுத்த பைப்பின் இரண்டு முனையும் முகத்துக்கு எதிரில் இருந்தன. நடுவில் பாறை வெடிப்பு, இன்னும் ஈரமாக, ஓரமெல்லாம் மஞ்சளாக. பயாஸ் பைப்பு ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறக்காமல் அப்படியே கிடந்தான். இப்படியே ஒட்டாமல் வெளியே போய், 'சார், எனக்கு இது ஆகாது, வேற ஆளைப் பாருங்க' என்றால்? வேறொருத்தன் நாளைக்கே வந்து ஒட்டுவான். ஒரு துளி விட்டு ஒட்டினால்? கசிகிற மாதிரி வேண்டுமென்றே ஒட்டுவதற்கு அவன் கைக்குத் தெரியவும் தெரியாது, சரவணமுத்து ஒரு வாரத்தில் கண்டுபிடித்தும் விடுவார். ஊரான் காசில் அவர் நிரப்புகிறாரா என்ன, அவர் போர்த் தண்ணி, அவர் கரண்டு. அதுவும் நியாயம்தானே.

சரி, ஒட்டுவது நியாயம். அந்தம்மாவிடம் சொல்லாமல் ஒட்டுவது? ஆடி பிறந்தாச்சு, மழை வரும் என்று சொல்லிக்கொண்டான். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கிணறு தானாக நிரம்பும் என்று சொல்லிக்கொண்டான். இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் கிணறு எத்தனை ஐப்பசிக்கு வறண்டு கிடந்தது என்று அவள் இப்போதுதான் சொல்லியிருந்தாள். பயாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்யூஷனைத் தடவினான். எல்போவைச் செருகி, கப்ளரைத் தள்ளி, கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காய்கிறவரை கிடந்தான். அந்த நெடியில் கண் எரிந்தது. நெடியால்தான் எரிகிறது என்று அவன் நம்பத் தயாராக இருந்தான்.

வேலை அருமையாக வந்திருந்தது. அதுதான் கொடுமை. கை ஒரு தரமாவது நடுங்கியிருக்கக் கூடாதா என்று வெளியே வந்து கை கழுவும்போது அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

சாயந்தரம் மாரக்காள் வாசல் வழியாகத்தான் பைக்கில் போனான். கூட்டம் கலைந்திருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து விதை மஞ்சளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுகினது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். அவனைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "வேல முடிஞ்சுதா சாமி?" என்று சத்தம் போட்டுக் கேட்டாள்.

"முடிஞ்சுதுங்கம்மா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வண்டியை நிறுத்தக்கூட இல்லை. நிறுத்தியிருக்கலாம். ஒருத்தரும் இல்லை அங்கே.

வீட்டில் அவன் மனைவி கௌசியா பையிலிருந்து டிபன் டப்பாவை எடுக்கும்போது பாட்டிலும் கூட வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னங்க இது, ஜூஸா?" திறந்து மோந்தாள். அவளை ஏமாற்ற முடியுமா, கல்யாண வீட்டுக்கெல்லாம் சமையல் செய்கிற குடும்பத்துப் பெண். "கேசரிப் பவுடர் கலக்குன தண்ணியில்ல இது? நீச்சல் குளத்து மருந்து வாடை வேற அடிக்குது. இத எதுக்குச் சுமந்துட்டு வந்தீங்க?"

ஊரே கூடி நின்று கும்பிட்டது, கௌசியா ஒரு தரம் மோந்து பார்த்ததில் முடிந்துபோனது. பயாஸ் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது தட்டிலிருந்த ஆப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டானே தவிர ஒரு வாய் வைக்கவில்லை.

கௌசியா முதலில் பயந்தாள். "அல்லாவே! கூட்டத்துல வாயத் திறக்காம இருந்தீங்களே, அதுவரைக்கும் நல்லது. ரெண்டு பொம்பளப் புள்ளைங்களை வெச்சிருக்கோம்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "சாயந்தரம் அந்தம்மா தனியாத்தான இருந்துச்சு?"

"ம்."

"அப்பவும் சொல்லலியா?"

பயாஸ் தட்டைத் தள்ளி வைத்தான். "அந்தம்மா போன் நம்பராச்சும் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. வேலுமணியிடம் சொல்லி அனுப்பலாமா என்றால், அந்த மனுசன் வாயில் விழுந்தது விடிவதற்குள் ராசிபுரம் வரைக்கும் போய்விடும்.

"விடிஞ்சதும் போங்க" என்றாள் கௌசியா. "நடவு தொடங்கறதுக்குள்ள போங்க. விதைய வாங்கறதுக்கு அந்த டெம்போக்காரன் திரும்ப வராமயா போயிருவான்?"

போகத்தான் போனான். எப்படிப் போனான் என்று கேட்க வேண்டும். பஜ்ர் தொழுதுவிட்டு அந்தக் கருக்கலிலேயே கிளம்பியிருந்தால் சரியாக இருந்திருக்கும். வண்டிக்குக் காற்றடித்தான். செயினுக்கு எண்ணெய் விட்டான். மோட்டார் ரூமில் ஒரு வால்வு மாற்ற வேண்டும், அதையும் எடுத்துக்கொண்டே போய்விடலாமே என்று கடை திறக்கிறவரை காத்திருந்தான். ஆட்டையாம்பட்டியில் ஒரு டீ. ராசிபுரத்தில் இன்னொரு டீ. தாகமா எடுத்தது அவனுக்கு? என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். ஒவ்வொரு தரமும் அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவனே அவனைத் திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே இன்னும் மெதுவாகத்தான் ஓட்டினான்.

வண்டியை நிறுத்தும்போதே பொம்பளைகளின் பேச்சும் சிரிப்பும் கேட்டது. மாரக்காள் நிலத்தில், மண்ணை மேடாக அணைத்த பாருக்கு இருபக்கமும் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் லேசாக மஞ்சளாக. கிணற்றை எட்டிப் பார்த்தான். மோட்டார் இழுத்ததில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. பண்ணை வீட்டுப் பக்கத்துக் கல் இடுக்கு காய ஆரம்பித்திருந்தது.

மாரக்காள் வரப்போரத்தில் விதைக் கூடைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். புருசன் போனதிலிருந்து வைக்காத மல்லிகைப் பூவை அம்மனுக்காக இன்றைக்குத் தலையில் வைத்திருந்தாள். "வந்துட்டியா பாயி! பாரு சாமி, ஊரே வந்து நிக்குது. அம்மன் நடவுன்னு ஒருத்தியும் கூலி வேண்டாம்னுட்டா."

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கொஞ்சம் இப்படி வாங்க" என்றான். அவள் மாதிரியே அவன் பேச்சும் மாறிவிட்டிருந்தது.

கிணற்றோரம் வந்தாள். பயாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். வழியில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. பைப்பு, விரிசல், பாறை வெடிப்பு, லட்டுக்குப் போடுகிற பவுடர் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினான்.

"அப்ப மஞ்சத்தண்ணி நீ ஊத்துனதா?"

"ஆமாங்கம்மா. தெரியாமத்தான். உங்க கெணத்துக்கு வரும்னு சத்தியமாத் தெரியாது."

"இந்த ரெண்டு வருசமா வந்தது?"

"அதும் குளத்துத் தண்ணிதானுங்கம்மா."

மாரக்காள் கிணற்றுக்குள் பார்த்தாள். "போன வருசம் கெடா வெட்டுனனே சாமி, இதுக்கு" என்றாள். அதற்குப் பிறகு கேட்டாள். "அடச்சுப்போட்டியா?"

"நேத்தே அடச்சுட்டேனுங்க."

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மண் ஒட்டின கை. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவுத்து உட்டுரு சாமி. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம். பத்து மாசந்தான். மஞ்ச வெட்டுனதும் நீயே வந்து அடச்சுக்க. அவிகளுக்கு என்ன, குளிக்கற தண்ணி. கொஞ்சமா, கண்ணுக்குத் தெரியாத மாதிரி அவுத்து உடு. உங்காலப் புடிக்கறேன்."

குனியவே போய்விட்டாள். பயாஸ் பதறி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். "ஐயோ, அம்மா, வேண்டாங்க. அது ஆகாதுங்கம்மா. தண்ணி எறங்குனா அவரு நாளைக்கே வேற ஆளக் கூட்டிட்டு வந்து பாப்பாரு. என்னை நம்பி உட்டிருக்கறாரு. என்னால முடியாதுங்கம்மா."

"முடியாதா?"

"முடியாதுங்க." பிறகு அவசர அவசரமாகச் சொன்னான். "நட்டது நட்டதா இருக்கட்டும். மிச்சத்தையாவது நிறுத்திட்டு வித்துப்போடுங்க. நட்டதக்கூடத் தோண்டி எடுத்தறலாமுங்க, இன்னும் வேரு புடிச்சிருக்காது."

மாரக்காள் அவன் கையை விட்டாள். "மண்ணுல வெச்சதத் தோண்டற வழக்கம் எங்களுக்கு இல்ல சாமி. இந்தப் பொம்பளைகளை என்ன சொல்லி நிறுத்தட்டும்? அம்மன் சொல்லலியாமா, பைப்பு சொல்லுச்சாமா, போங்கடி ஊட்டுக்குன்னா? நெத்தியில பூசிக்கிட்டு வந்து நட்டுக்கிட்டு இருக்கறாளுக. அவளுக நம்புனதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பயாஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நேத்துக் காலைல சொல்லியிருந்தீன்னா டெம்போவத் திரும்பக் கூப்புட்டு ஏத்தி உட்டிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் போடுகிற மாதிரி சொன்னாள். "கூட்டம் இருந்துச்சு, பயந்துட்ட. அது தப்பில்ல. சாயந்தரம் தனியாத்தானே உக்காந்திருந்தேன்? வேல முடிஞ்சுதான்னு கேட்டனே. அப்பச் சொல்லியிருந்தாலும் ஆளனுப்பி நடவ வேண்டாம்னிருப்பேன். அப்பெல்லாம் சொல்லல. இன்னிக்கு, பாதி நட்டப்பறம் வந்து சொல்ற. அவுத்து உடவும் முடியாதுங்கற. அப்பறம் என்னத்துக்குச் சாமி எங்கிட்ட வந்து சொன்ன?"

அவன் கிணற்றுக் கரைக் கல்லில் ஒட்டியிருந்த சூடக் கரியைக் கட்டை விரலால் தேய்த்தான்.

"ரெண்டு மாசமோ மூணு மாசமோ, தண்ணி வத்தறவரைக்கும் அம்மன் இருக்கறாங்கற நெனப்புலயாவது ஒறங்கியிருப்பேன். அதையும் எடுத்துக்கிட்ட. உம் பாரத்த எறக்கி என்ற தலைல வெச்சுப்போட்ட. உனக்கு இப்பத் தேவலையா?"

தேவலைதான் என்பது பயாஸுக்கு அந்த நிமிசம் தெரிந்தது. சொல்லி முடித்ததுமே நெஞ்சில் ஒரு லேசு வந்திருந்தது. அதை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றதும் அவனுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

"மாரக்கா, இந்தப் பாருக்கு வெத பத்தல!" என்று வயலிலிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள்.

"கொண்டு வாரேன்டி" என்று மாரக்காள் குரல் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாத" என்று அவனிடம் சொன்னாள். வரப்போரத்தில் நிரம்பியிருந்த கூடையிடம் போய், சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் இல்லை. எல்லாரும் வயலுக்குள் இருந்தார்கள்.

"ஒரு கை புடி சாமி" என்றாள்.

பயாஸ் போய்க் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தான்.